இல்லை என்று சொன்னேன்

இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டைப் பிரிப்பதற்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட பெண்கள் நம் தோட்டங்களில் இருந்தார்களா என்று பின்னாளில் ஓர் இளம்பெண் என்னிடம் நேருக்கு நேர் கேட்டபோது, இல்லை என்று சொன்னவளும் நான்தான். இந்த இரண்டையும் பற்றி இதுவரை யாரும் என்னை விசாரித்ததில்லை. மனுவில் கையொப்பமிட்டவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். அந்தத் தாளும் எங்கோ மட்கிப் போயிருக்கும். நானும் சொல்லாமல் போனால் இது நடக்கவே இல்லை என்றாகிவிடும். ஆகவே எழுதுகிறேன்.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். தோட்டத்தின் பெயரும் அந்தப் பெண்களின் பெயரும் இதில் வராது. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை இந்த நாட்டுச் சட்டம் இன்னும் குற்றம் என்றே சொல்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அழைத்தது போல நானும் அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றே சொல்கிறேன்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைக் குறித்து எழுதிவைத்தார். 1929இல் ஜே.ஏ. ரசல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. சுற்றுலா வருபவர்களுக்கு இந்த ஆண்டுகளைச் சொல்கிறார்கள். காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டவர்கள் ஆள் சேர்க்கும் கங்காணிமார் கூட்டிவந்த தமிழர்கள் என்பதையும் சில சமயம் சொல்கிறார்கள். அந்தத் தமிழர்களுக்குள்ளும் ஒரு படிக்கட்டு இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மேலே தோட்ட நிர்வாகியான துரை, அடுத்து கணக்கெழுதும் கிராணி, அடுத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர், எல்லோருக்கும் கீழே கொழுந்து பறிக்கும் பெண். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் தமிழ் ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்றும் பெண்ணுக்கு 40 காசு என்றும் நிர்ணயித்தார்கள். ஆண்கள் ஊர் திரும்பாமல் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவும் பெண்களை வரவழைத்தார்கள். பெண் என்றால் ஓர் ஆணின் வீட்டில் இருப்பவள். தோட்டத்தின் கணக்கில் அவளுக்கு வேறு இடம் கிடையாது. வரிசையாகக் கட்டப்பட்ட லயத்து வீடு குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் புருசனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும். வேலை போனால் வீடும் போகும்.

என் அப்பா கிராணி. எங்களுக்கு லயத்தில் வீடில்லை, தனி வீடு. நான் பள்ளிக்கூடம் முடித்து, பயிற்சி பெற்று, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கே ஆசிரியையாக வந்தேன். படிக்கட்டில் நான் நின்ற இடம் எது என்பதைச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் முழுமையாகாது.

பெரியக்கா இளம் வயதிலேயே புருசனை இழந்தவர். சின்னக்கா மலைக்குக் கீழே ரப்பர் தோட்டத்திலிருந்து, உறவுக்காரர் ஒருவரோடு வேலை தேடி ஏறி வந்தவர். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தார்கள். சில மாதங்களில் சின்னக்கா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியக்காவின் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே அவர்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். இரண்டு பேர் சம்பளத்தையும் ஒன்றாகப் போட்டு, கூட்டுச் சீட்டு கட்டி, தையல் மெஷின் வாங்கினார்கள். தீபாவளிக்கு ஒரே துணியில் இருவருக்கும் ரவிக்கை. தைப்பூசத்துக்கு ஒருவர் பால்குடம் எடுத்தால் மற்றவர் கூடவே விரதம் இருப்பார். சின்னக்காவுக்குக் காய்ச்சல் என்றால் பெரியக்கா விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய், “எங்க வீட்டு ஆளுக்கு முடியலைங்க” என்று மண்டோரிடம் சொல்வார். யாரைச் சொல்கிறார் என்று மண்டோர் கேட்டதில்லை.

எல்லோருக்கும் தெரியும். பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் சிரிப்பார்கள், ஆனால் தங்கள் பிள்ளைகளை அந்த வீட்டில்தான் விட்டுப்போவார்கள். பெரியக்கா பிறகு ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு மாறினார். என் கடைசித் தம்பி அவர் மடியில்தான் வளர்ந்தான். அம்மா நோயில் கிடந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அப்போது நான் தாப்பாவில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நான் படிப்பதற்கு என் வீட்டில் அவர் உழைத்தார்.

கோயில் கமிட்டிக்காரர் ஒருவரின் உறவுப் பையனுக்குச் சின்னக்காவைப் பெண் கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றார். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் மாட்டேன் என்றார். அதுவரை குழாயடிச் சிரிப்பாக இருந்தது அதன்பின் தோட்டத்து மானமாக மாறியது. ஒரு மாலை கோயில் கமிட்டித் தலைவரும் இன்னும் சிலரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். “டீச்சர், நீங்கதான் இங்கிலீஷ்லயும் மலாய்லயும் நல்லா எழுதுவீங்க. துரைக்கு ஒரு மனு போடணும். எழுதிக் குடுங்கம்மா” என்றார் தலைவர்.

அந்தக் கமிட்டி அதுவரை எந்தப் பெண்ணிடமும் எதையும் கேட்டதில்லை. எனக்கு வயது இருபத்து நான்கு. பெரியவர்கள் வீடு தேடி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடம் கேட்கிறார்கள். அந்த மரியாதை எனக்கு இனித்தது. நான் மிரட்டப்படவில்லை, ஏமாற்றப்படவும் இல்லை. மறுத்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கிராணி மகளை யாரும் தொடமாட்டார்கள்.

அவர்களிடம் இருந்தது வம்பு மட்டுமே. வம்பை மனுவாக்கினால் துரை சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுவார் என்று அவர்களே பயந்தார்கள். அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். லயத்து வீடு குடும்பத்துக்கு ஒதுக்கப்படுவது. பிள்ளைகுட்டிகளோடு இருப்பவர்கள் இடமின்றி நெருக்கியடித்துக் கிடக்கும்போது இரண்டு தனிப் பெண்கள் ஒரு முழு வீட்டை வைத்திருப்பது நியாயமல்ல. அவர்களில் ஒருவரைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு மாற்றி, மற்றவரை இன்னொரு குடும்பத்தோடு சேர்த்துவைக்கலாம். இதைச் சுத்தமான ஆங்கிலத்தில், கமிட்டிக்காரர்கள் பக்கத்தில் யாரும் குறைகாண முடியாதபடி எழுதினேன். அந்தப் பெண்களுடைய உறவைப் பற்றி மனுவில் ஒரு சொல்கூட இல்லை. அதை என் நாகரிகம் என்று அன்று நினைத்தேன். உண்மையில் அந்த மனுவின் கூர்மையே அதில்தான் இருந்தது. எதைச் செய்கிறோம் என்று சொல்லாமலே செய்துமுடிக்க வழி காட்டினேன்.

மனு அப்பாவின் மேசைக்குத்தான் முதலில் போனது. அவருக்கு என் கையெழுத்து தெரியும். “நல்லா எழுதியிருக்க” என்றார். அவ்வளவுதான்.

சின்னக்காவைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்றினார்கள். லாரியில் அவருடைய பெட்டியும் பாயும் ஏறியபோது நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். தையல் மெஷினைப் பெரியக்கா தன் கையாலேயே தூக்கி லாரியில் வைத்தார். அன்று மாலை என்னைத் தேடி வந்தார். “பாப்பா, நீயா எழுதுன?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகும் என் தம்பியை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

கீழ்ப்பிரிவில் சின்னக்காவால் இருக்க முடியவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டு மலையிறங்கி ஈப்போவுக்குப் போனார். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார், பிறகு வீட்டு வேலை செய்தார். பெரியக்காவால் உடனே போக முடியவில்லை. வேலையை விட்டால் தலைக்குமேல் கூரை இல்லை, சேமநிதிப் பணமும் கைக்கு வராது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகே அவர் ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் இருவரும் ஒரு வாடகை அறையில் மறுபடி ஒன்றாக இருந்தார்கள். நடுவில் இழந்த ஆண்டுகளுக்கு நான் பொறுப்பு.

என் வாழ்க்கை வேறு திசையில் போனது. கோலாலம்பூருக்கு மாற்றலாகி, மேற்படிப்புப் படித்து, பெண்ணியம் பேசும் கூட்டங்களில் சேர்ந்தேன். அங்கேதான் ஆட்ரி லார்டைப் படித்தேன். 1934இல் நியூயார்க்கில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினக் கவிஞர் அவர். தான் பெண்களைக் காதலிப்பவள் என்பதை ஒளிக்காமல் எழுதினார். 1982இல் வந்த ‘ஸாமி’ என்ற தன்வரலாற்று நூலில், தன் தாய் பிறந்த காரியாக்கூ தீவில் ஒன்றாக வேலைசெய்து ஒருவரையொருவர் நேசித்து வாழ்ந்த பெண்களைத் தன் முன்னோராக ஏற்றுக்கொண்டார். 1992இல் புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றித் தமிழில் பேசியவர்கள் எங்கள் வட்டத்தில் குறைவு. நான் பேசினேன். நன்றாகப் பேசுகிறேன் என்றார்கள்.

பாஸ்டனில் 1974இல் கூடிய காம்பாஹீ ரிவர் கலெக்டிவ் பற்றியும் பேசினேன். 1863இல் ஹாரியட் டப்மன் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்த ஆற்றின் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். பார்பரா ஸ்மித், பெவர்லி ஸ்மித், டெமிட்டா ஃப்ரேசியர் ஆகியோர் 1977இல் எழுதிய அறிக்கையில், நிறம், வர்க்கம், பால், காதல் எல்லாவற்றாலும் ஒரே நேரத்தில் அழுத்தப்படும் பெண்ணிடமிருந்தே அரசியலைத் தொடங்கவேண்டும் என்றார்கள். சூரினாம் நாட்டில், அடிமைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்த ஏழைப் பெண்கள் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட ‘மாட்டி’ உறவுகளைப் பற்றி மானுடவியலாளர் குளோரியா வெக்கர் எழுதியதையும் படித்தேன். அந்தப் பெண்களுக்குப் பிள்ளைகள் இருந்தன, சிலருக்கு ஆண்களோடும் உறவு இருந்தது. ஆனால் துணையென்று நம்பி வாழ்ந்தது இன்னொரு பெண்ணை. கரும்புத் தோட்டம், தேயிலைத் தோட்டம் என்ற வேறுபாட்டைத் தவிர இவர்களை நான் முன்பே அறிந்திருந்தேன். இதைப் படிக்கும்போது பெரியக்கா என் மனதில் வராமல் இல்லை. வந்தார். பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

ஒரு கூட்டம் முடிந்ததும் ஓர் இளம்பெண் என்னிடம் வந்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். கண் கலங்கியிருந்தது. “நம்ம தோட்டங்கள்லயும் இப்படி யாராவது இருந்தாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். “எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா” என்றேன்.

முதல் குற்றத்தைவிட இதுதான் பெரிது என்று இன்று தெளிவாகத் தெரிகிறது. முதலாவதைச் செய்தபோது எனக்கு இளம் வயது, பதவி மோகம். இரண்டாவதைச் செய்தபோது எனக்குப் படிப்பும் வயதும் வந்திருந்தன. அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே செய்தி என் கையில் இருந்தது. உன்னைப் போன்றவர்கள் இதே மலையில் வாழ்ந்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், கூட்டு கட்டினார்கள், பால்குடம் எடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பாளே. அதற்குப் பயந்து அவளைத் தனியாளாக்கி அனுப்பினேன். அவளை மறுபடி நான் பார்க்கவில்லை.

1979இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெண்ணிய மாநாட்டில் லார்ட் எழுந்து வெள்ளைப் பெண்களைப் பார்த்துக் கேட்டதன் சாரம் இது: நீங்கள் இங்கே கோட்பாடு பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டைக் கூட்டுவதும் உங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதும் யார்? இந்தக் கேள்வியை நான் மேடையில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கேள்வி கேட்பவர் பக்கத்தில் என்னை நிறுத்திக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அந்த மாநாட்டில் என் இடம் கேட்கப்பட்டவர்களின் வரிசையில். என் தம்பியை வளர்த்தவர், என் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தவர், யாருடைய வீட்டை நான் பிரித்தேனோ அவர்தான்.

இலங்கையில் பிறந்த தமிழரான அ. சிவானந்தன் லண்டனில் இருந்துகொண்டு, கறுப்பு என்பது அரசியலின் நிறம், ஆப்பிரிக்கரும் ஆசியரும் அதில் ஒன்றாக நிற்கலாம் என்று வாதாடினார். ஆப்பிரிக்க, ஆசிய வழிவந்த பெண்கள் 1978இல் அங்கே ஒரே அமைப்பாகத் திரண்டார்கள். அந்த ஒற்றுமை எனக்குப் பெருமையாக இருந்தது. கறுப்பினப் பெண்களின் துயரத்தை என்னுடையதாகச் சொல்லிக்கொண்டேன். வெயிலிலும் பனியிலும் கறுத்துக் கொழுந்து பறித்த பெண்ணிடம் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை மட்டும் மறைத்துவிட்டேன். கடல் கடந்து நேசிப்பது எளிது. அங்கிருந்து யாரும் வந்து என்னிடம் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

2018 செப்டம்பர் 3ஆம் தேதி திரெங்கானுவில் இரண்டு முஸ்லிம் பெண்களுக்கு, ஒருவரோடொருவர் உறவுகொள்ள முயன்றதற்காக, ஷரியா நீதிமன்றத்தில் பலர் முன்னிலையில் ஆறு பிரம்படி கொடுத்தார்கள். மூன்றே நாளில், செப்டம்பர் 6ஆம் தேதி, இந்தியாவின் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் விருப்ப உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாது என்றது. நம் நாட்டின் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்ணில், அதே ஆங்கிலேயர் காலத்து வேரிலிருந்து வந்த பிரிவு நீடிக்கிறது. 1989இல் செய்த திருத்தத்துக்குப்பின் 377டி பிரிவு பெண்களையும் வளைக்கிறது; இரண்டு ஆண்டுவரை சிறை. இலங்கையிலும் ஆண்களுக்கு மட்டுமே இருந்த 365ஏ பிரிவை 1995இல் பெண்களுக்கும் நீட்டினார்கள். அதை எதிர்த்து ரோசன்னா ஃபிளேமர்-கால்டெரா ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழுவில் முறையிட்டு, 2022இல் தன் பக்கம் தீர்ப்பு வாங்கினார். ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்த இருவரைப் பிரிக்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. ஒரு வீட்டு ஒதுக்கீட்டு விதியும் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணும் போதுமாக இருந்தது.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் ஒரு வழக்கு வந்தது. பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கு. தனக்கு இதைப் பற்றிச் சரியான புரிதல் இல்லை என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, அந்த ஆண்டு ஜூன் 7ஆம் தேதி உத்தரவு எழுதினார். மருத்துவத்தின் பெயரால் இவர்களை ‘மாற்ற’ முயல்வதைத் தடைசெய்தார். அந்த உத்தரவைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் அறியாமையை ஒப்புக்கொண்டார். நான் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. நான் அறிந்தே செய்தேன்.

பெரியக்கா இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. சின்னக்காவைத் தேடி ஈப்போவுக்குப் போனேன். கடைசி நாட்களில் மருத்துவமனையில் நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். “கூட்டாளி” என்று சொல்லியிருக்கிறார். உறவுக்காரர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். எப்போதோ ஒருமுறை வந்துபோன அக்கா மகன் ஒருவன்தான் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினான். கொள்ளிவைத்த இடத்தில் சின்னக்கா மற்றப் பெண்களோடு தூர நின்றார். சென்னை உயர் நீதிமன்றத்தில், வேலூர் வழக்கொன்றில், 2025 மே 22ஆம் தேதி, நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னார்கள். சொந்த வீட்டார் அடைத்துவைத்திருந்த ஒரு பெண் தன் விருப்பப்படி போகலாம் என்று விடுவித்தார்கள். அப்படி ஒரு சொல் இந்த நாட்டில் அந்த மருத்துவமனை வாசலில் இருந்திருந்தால், சின்னக்கா உள்ளே போயிருப்பார்.

மனுவைப் பற்றியும், அந்த இளம்பெண்ணுக்குச் சொன்ன பொய்யைப் பற்றியும் சின்னக்காவிடம் முழுமையாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், என்னைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும். இதை எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். மனு எழுதும்முன் நான் கேட்காத கேள்வி அது. நெடுநேரம் யோசித்தார். “எழுதணும்னா எழுது பாப்பா. பேரு வேணாம். நாங்க நல்லா இருந்தோம்னு எழுது” என்றார்.

அவர்கள் நன்றாக இருந்தார்கள்.

தோட்டங்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. இன்று கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். லயங்களோடு நம் நினைவுகளும் கலைந்துகொண்டிருக்கின்றன. இதை வாசிக்கும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தோட்டத்திலும் அப்படி இரண்டு பேர் இருந்திருப்பார்கள். உங்களுக்குத் தெரியும். பெயரை மறைத்தாவது அவர்கள் வாழ்ந்ததைச் சொல்லிவையுங்கள். ஆசிரியர்களிடமும் சங்கத்துக்காரர்களிடமும் கோயில் கமிட்டிகளில் இருப்பவர்களிடமும் இன்னொன்று கேட்கிறேன்: ஒழுக்கம், இடநெருக்கடி, ஊர்மானம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், இருவரைப் பிரிக்கும் மனுவுக்கு உங்கள் பேனாவைக் கொடுக்காதீர்கள். எழுத மறுத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அன்று கூட்டம் முடிந்து என்னிடம் வந்து கேட்ட பெண் எங்காவது இதைப் படித்தால், அவளுக்குரிய பதில் இது: இருந்தார்கள் அம்மா. கேமரன் மலையிலேயே இருந்தார்கள். நான் உனக்குச் சொன்னது பொய்.